மவுஸ் வேகத்தை இழுத்துவிட்டு மூன்று மாதம் அலைந்த கதை

நான் திண்டுக்கல்லில் வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் டிசைன் செய்து கொடுக்கிறேன். போட்டோகிராபர்கள் ஹார்ட் டிஸ்கில் படங்களைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஷீட் கணக்கில் கூலி. போன வருடம் ஆவணி முகூர்த்தங்கள் முடிந்து வேலை குவிந்து கிடந்த நேரத்தில், பத்து வருடமாக வைத்திருந்த பதினெட்டரை இன்ச் மானிட்டரை மாற்றி 27 இன்ச்சுக்குப் போனேன். கண்ணுக்குச் சுகமாகத்தான் இருந்தது. கைக்குத்தான் சனி பிடித்தது. பழைய மவுஸைப் புதுத் திரையில் நகர்த்தினால் பாயிண்டர் எருமை மாடு மாதிரி அசைந்து அசைந்து போனது. சரி, வேகத்தைக் கூட்டினால் போச்சு என்று செட்டிங்கில் மவுஸ் பகுதிக்குப் போய், வேகக் கோட்டில் இருக்கும் குமிழை வலது கோடி வரை இழுத்துவிட்டேன். பாயிண்டர் பறந்தது. திருப்தியாக வேலைக்கு உட்கார்ந்தேன். அப்படி இழுத்ததையே ஒரு வாரத்தில் மறந்தும் போனேன்.

அப்புறம்தான் ஆரம்பித்தது. மணமகளின் ஜிமிக்கியைச் சுற்றி, படத்தை வெட்டியெடுக்க உதவும் பென் டூலில் புள்ளி வைத்துக்கொண்டு போனால், காதோரம் விழ வேண்டிய புள்ளி கன்னத்தில் விழுந்தது. முன்பு இருபது நிமிடத்தில் கட் செய்த படத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. கையை மெதுவாக நகர்த்தினால் ஒரு தூரம், அதே அளவு வேகமாக நகர்த்தினால் வேறொரு தூரம். என் கைக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். நாற்பத்து மூன்று வயது, இரவு இரண்டு மணி வரை வேலை, நடுக்கம் வந்திருக்கும் என்று ஒரு பயம். யாரிடமும் சொல்லவும் இல்லை. டிசைனருக்குக் கை நடுங்குகிறது என்று வெளியே தெரிந்தால் அடுத்த சீசனுக்கு எவன் வேலை கொடுப்பான்? மவுஸை இறுக்கிப் பிடித்தால் கட்டுக்குள் வரும் என்று எலுமிச்சம்பழத்தைப் பிழிவது மாதிரி பிடிக்க ஆரம்பித்தேன். இரண்டு வாரத்தில் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலி.

கடைக்குப் போய் நிலைமையைச் சொன்னதும் கடைக்காரத் தம்பி ஒரு கேமிங் மவுஸை எடுத்து நீட்டினார். "அண்ணே, இது டிபிஐ ஜாஸ்தி, சும்மா பட்டுன்னு நிக்கும்" என்றார். 2,450 ரூபாய். வீட்டுக்கு வந்து மாட்டினால் பட்டென்று நிற்கவில்லை, பட்டென்று ஓடியது. பாயிண்டர் திரையின் ஒரு மூலையில் இருக்கும், மூச்சு விட்டால் அடுத்த மூலையில் இருக்கும். இரண்டே நாளில் அதைப் பெட்டியில் போட்டுவிட்டுப் பழைய மவுஸுக்கே திரும்பினேன். அடுத்தபடியாக, கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று சர்வீஸ் பையனை வரவழைத்து விண்டோஸை ஃபார்மட் செய்தேன். கூலி 700 ரூபாய். தமிழ் எழுத்துருக்கள், பிரஷ்கள், ஐந்தாறு வருடமாகச் சேர்த்த, ஒரே கிளிக்கில் பல வேலையை முடிக்கும் ஆக்‌ஷன்கள் எல்லாவற்றையும் திரும்பப் போட இரண்டு நாள் போனது.

இதில் வேடிக்கையைக் கேளுங்கள். ஃபார்மட் செய்ததும் வேகக் குமிழ் தானாகவே நடுவுக்கு வந்துவிட்டிருந்தது. அதாவது பாதி நோய் அங்கேயே தீர்ந்துவிட்டது. நான் என்ன செய்தேன்? 'என்னடா இது, மறுபடி மந்தமாகப் போகிறதே' என்று என் கையாலேயே அதை வலது கோடிக்கு இழுத்துவிட்டேன்.

உண்மை பிடிபட்டது ஒரு ராத்திரியில், தூக்கம் வராமல் அந்த கேமிங் மவுஸின் பெட்டியில் இருந்த துண்டுச் சீட்டைப் படித்தபோது. டிபிஐ என்றால் துல்லியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மவுஸை ஒரு அங்குலம் நகர்த்தினால் அதை எத்தனை குட்டி நகர்வாக எண்ணிக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது என்ற கணக்கு, அவ்வளவுதான். விண்டோஸில் வேகக் குமிழ் சரியாக நடுவில் இருந்து, பின்னால் சொல்லப்போகும் ஒரு டிக்கும் இல்லாமல் இருந்தால், மவுஸ் சொல்லும் ஒவ்வொரு நகர்வுக்கும் பாயிண்டர் ஒரு பிக்சல், அதாவது திரையில் ஒரு புள்ளி, நகரும். என் பழைய மானிட்டரின் அகலம் 1366 பிக்சல். மவுஸ் 1000 டிபிஐ என்று வைத்துக்கொண்டால் ஒன்றரை அங்குலத்துக்கும் குறைவாக நகர்த்தினாலே திரையைக் கடந்துவிடலாம். புது மானிட்டரின் அகலம் 2560. அதே மவுஸுக்கு இப்போது இரண்டரை அங்குலத்துக்கு மேல் வேண்டும். எருமை நடைக்குக் காரணம் அதுதான், மவுஸில் எந்தக் கோளாறும் இல்லை. கேமிங் மவுஸ் 3200 டிபிஐயில் இருந்தது. ஒரு அங்குலம்கூட முழுசாக நகர்த்த வேண்டாம், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடும். அதில் ஒரு பிக்சல் என்பது கையில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூடக் கிடையாது. எந்த மனுஷனுடைய கையும் அதற்கு நடுங்கத்தான் செய்யும். சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன பட்டனை அழுத்தினால் டிபிஐ மாறும் என்பதும் அந்தச் சீட்டில் இருந்தது. வேலை நடுவே விரல் பட்டு அது எத்தனை தடவை மாறியதோ தெரியாது.

அன்றைக்கே செய்து பார்த்ததைச் சொல்கிறேன், உங்களுக்கும் இதே தொல்லை என்றால் இங்கிருந்து தொடங்குங்கள். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், மவுஸ் என்று போய், கீழே அடிஷனல் மவுஸ் செட்டிங்ஸ் என்பதைத் திறக்க வேண்டும். எந்த விண்டோஸாக இருந்தாலும் ஸ்டார்ட் மெனுவில் கண்ட்ரோல் பேனல் என்று தேடி, அதில் மவுஸ் என்பதைத் திறந்தாலும் அதே பழைய பெட்டிதான் வரும். அதில் பாயிண்டர் ஆப்ஷன்ஸ் என்ற பக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. வேகக் கோட்டில் மொத்தம் 11 நிலைகள். ஆறாவதுதான் நடு. குமிழை அங்கே கொண்டுவந்து விட்டுவிடுங்கள். வேகம் போதாவிட்டால் குமிழைத் தொடாமல் மவுஸின் டிபிஐயைக் கூட்டுங்கள், அதிகமாக இருந்தால் டிபிஐயைக் குறையுங்கள். குமிழை நடுவுக்கு வலப்பக்கம் தள்ளும்போது, மவுஸ் ஒரு நகர்வு என்று சொல்வதை விண்டோஸ் இரண்டு, மூன்று பிக்சலாகப் பெருக்குகிறது. நடுவில் இருக்கும் பிக்சலில் பாயிண்டரை நிறுத்த முடியாமல் போகும். ஜிமிக்கி ஓரத்தில் புள்ளி வைக்கிறவனுக்கு அது நரகம்.

அந்தக் கோட்டுக்குக் கீழேயே ஒரு டிக் பெட்டி: என்ஹான்ஸ் பாயிண்டர் ப்ரிசிஷன். துல்லியத்தைக் கூட்டு என்று பேர் வைத்திருக்கிறார்கள், யார் வைத்த பேரோ. நீங்கள் கையை எவ்வளவு வேகமாக நகர்த்துகிறீர்கள் என்று பார்த்து, வேகமாக நகர்த்தினால் பாயிண்டரைக் கூடுதல் தூரம் தள்ளிவிடுவதும், மெதுவாக நகர்த்தினால் குறைத்துக் கொடுப்பதும்தான் அதன் வேலை. மெதுவாக நகர்த்தினால் ஒரு தூரம், வேகமாக நகர்த்தினால் வேறு தூரம் என்று நான் என் நரம்பைச் சந்தேகப்பட்டேனே, அதற்குக் காரணம் இந்த டிக். விண்டோஸ் போட்டதும் இது தானாகவே டிக் ஆகித்தான் வரும், அதனால் ஃபார்மட் செய்தாலும் போகாது. பழைய சின்ன மானிட்டரிலும் இது இருந்திருக்கும். குமிழ் நடுவில் இருந்தவரை உறைக்கவில்லை, கோடிக்கு இழுத்ததும் பேயாட்டம் ஆடிவிட்டது. டிக்கை எடுத்தேன். முதல் இரண்டு நாள் மவுஸ் கல்லாகக் கனப்பது போலிருந்தது. ஐந்தாம் நாள் கை பழகிவிட்டது. எல்லோரும் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று சொல்ல மாட்டேன். லேப்டாப் டச்பேடில் வேலை செய்கிறவர்களுக்கும், மேஜையில் ஒரு சாண் இடம்கூட இல்லாதவர்களுக்கும் அது இருப்பதுதான் வசதி. ஆனால் படம் வரைகிறவர்கள், கட் செய்கிறவர்கள் ஒரு வாரமாவது எடுத்துவிட்டுப் பாருங்கள். இப்போது நான் கேமிங் மவுஸை 1000 டிபிஐயில் வைத்து, குமிழ் நடுவில், டிக் இல்லாமல் ஓட்டுகிறேன்.

இதோடு முடிந்திருந்தால் நல்லது. இடையில் பழைய மவுஸுக்குத் திரும்பினேன் என்றேன் அல்லவா, அது தனி ஏழரை. ஒரு தடவை கிளிக் செய்தால் இரண்டு தடவை கிளிக் ஆகும். படத்தை இழுத்துக்கொண்டு போகும்போது பாதி வழியில் கை நழுவிய மாதிரி கீழே விழும். ஒரு வரவேற்பு ஷீட்டில் ஒரு படத்தை இழுத்துக்கொண்டு போனபோது அது வேறொரு கட்டத்தில் விழுந்து, அங்கிருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் குடும்பப் படத்தை மறைத்துவிட்டது. நடுராத்திரி, கவனிக்கவில்லை, லேபுக்கு அனுப்பிவிட்டேன். பிரிண்ட் ஆகி ஆல்பம் கைக்கு வந்த பிறகு அந்த மாமன் வீட்டில் கேட்டார்கள், "எங்களை ஏன் போடலை?" என்று. அந்த ஷீட்டைத் திரும்ப அடித்து, ஆல்பத்தைப் பிரித்து பைண்ட் செய்த செலவு 1,760 ரூபாய் என் தலையில். போட்டோகிராபர் அண்ணன் திட்டவில்லை. அடுத்த மூன்று ஆல்பத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்.

அந்த இரட்டைக் கிளிக்கை செட்டிங்கில் சரி செய்யலாம் என்று டபுள் கிளிக் வேகத்தை இப்படியும் அப்படியும் தள்ளி இரண்டு ராத்திரி வீணாக்கினேன். ஆகாது. மவுஸ் பட்டனுக்குக் கீழே ஒரு குட்டி சுவிட்ச் இருக்கிறது. அதற்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தகடு லட்சக்கணக்கான தடவை அமுங்கித் தேய்ந்த பிறகு, ஒரு முறை தொட வேண்டிய இடத்தில் துள்ளி இரண்டு முறை தொடும். அது கண் இமைப்பதற்குள் நடந்துவிடும். விண்டோஸில் டபுள் கிளிக் என்று எடுத்துக்கொள்ளும் இடைவெளி வழக்கமாக அரை நொடி. அதை எவ்வளவு குறைத்தாலும் அந்தத் துள்ளல் அதற்குள்தான் அடங்கும். கோளாறு சுவிட்சிலா செட்டிங்கிலா என்று கண்டுபிடிக்க நான் கற்றுக்கொண்ட வழி இது: அதே மவுஸ் பெட்டியில் பட்டன்ஸ் பக்கத்தில், டபுள் கிளிக் வேகத்துக்குப் பக்கத்தில் சோதனைக்காக ஒரு ஃபோல்டர் படம் இருக்கும். அதன்மேல் வைத்து நிதானமாக ஒரே ஒரு தடவை, விட்டுவிட்டு ஒரு தடவை என்று இருபது முப்பது முறை அழுத்துங்கள். ஒரு கிளிக்குக்கே அந்த ஃபோல்டர் திறந்தாலோ மூடினாலோ சுவிட்ச் போய்விட்டது. இன்னும் சந்தேகமா? அதே பக்கத்தில் இடது வலது பட்டனை மாற்றும் டிக்கைப் போடுங்கள். வலது பட்டனால் இழுக்கும்போது படம் நழுவாமல் வந்தால், தேய்ந்தது இடது சுவிட்ச்தான். சாலிடரிங் தெரிந்தவர்கள் சுவிட்சை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மற்றவர்கள் அந்த டிக்கோடு வேலையை முடித்துவிட்டுக் காலையில் கடைக்குப் போகலாம்.

நான் அப்போது போய் வாங்கியது ஒரு வயர்லெஸ் மவுஸ். 1,190 ரூபாய். காலையில் ஒழுங்காக ஓடும். சாயங்காலம் விக்கி விக்கி நகரும். பேட்டரி மாற்றினேன், மேஜை விரிப்பை மாற்றினேன். கடைக்காரர், "எங்ககிட்ட நல்லாத்தானே ஓடுது" என்று என் முன்னாலேயே ஓட்டிக் காட்டித் திருப்பி அனுப்பினார். அவர் மேல் தப்பில்லை. சாயங்காலம்தான் போட்டோகிராபர்கள் ஹார்ட் டிஸ்க் கொண்டுவருவார்கள், அதை யூஎஸ்பி 3 ஓட்டையில் செருகிப் படங்களை இறக்குவேன். மவுஸின் குட்டி ரிசீவர் அதற்குப் பக்கத்து ஓட்டையில். யூஎஸ்பி 3 வேலை செய்யும்போது எழும் ரேடியோ இரைச்சல், மவுஸ் பேசுகிற அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் விழும். 2012-லேயே இன்டெல் நிறுவனம் இதைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டிருக்கிறது, நமக்குத்தான் வந்து சேரவில்லை. தீர்வு நூறு ரூபாய்க்குள் முடிந்தது. ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி, ரிசீவரை ஹார்ட் டிஸ்கிலிருந்து ஒரு முழம் தள்ளி மானிட்டர் காலருகே வைத்தேன். விக்கல் நின்றது.

இதற்குள் மணிக்கட்டு வீங்கிவிட்டது. டம்ளரைத் தூக்க முடியவில்லை. எலும்பு டாக்டர் பார்த்துவிட்டு, கட்டைவிரல் பக்கத் தசைநாண் அழுத்தத்தில் வீங்கியிருக்கிறது, மூன்று வாரம் அந்தக் கையால் மவுஸைத் தொடக் கூடாது என்றார். எக்ஸ்ரே, பெல்ட், மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் சேர்த்து 3,650 ரூபாய். வலி வந்த முதல் வாரமே போயிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று அவரே சொன்னார். வலியை எண்ணெய் தேய்த்துச் சமாளிக்கிறவர்கள் இந்த வரியைக் கவனியுங்கள்.

மூன்று வாரம் இடது கையால் ஓட்டினேன். பட்டன்களை மாற்றிப்போடும் டிக்கால் இடது ஆட்காட்டி விரல் கிளிக்குக்கு வந்துவிட்டது. ஆனால் 2,450 ரூபாய் கேமிங் மவுஸ் வலது உள்ளங்கைக்காகவே வளைத்துச் செய்தது. இடது கையில் அது பிடிபடவே இல்லை. கடைசியில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் 450 ரூபாய் மவுஸ்தான் கை கொடுத்தது. என் பெண் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எதைத் தொட்டாலும் மெனு விரிகிறது என்று கத்தினாள். மவுஸ் செட்டிங்குகள் அந்தந்த யூசர் கணக்கோடு சேர்ந்தவை என்று அப்போதுதான் தெரிந்தது. அவளுக்குத் தனிக் கணக்கு போட்டுக் கொடுத்தேன், அவரவர் மவுஸ் அவரவர்க்கு.

இடது கையில் இழுத்துப் பிடிப்பது கஷ்டமாக இருக்கிறதே என்று கிளிக்லாக் என்ற டிக்கையும் போட்டேன். பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்தி விட்டுவிட்டால் போதும், அது பிடித்தபடியே இருக்கும். மறுபடி கிளிக் செய்தால் விடும். உபயோகமானதுதான். ஆனால் கை சரியான பிறகு அதை எடுக்க மறந்து, தொட்டதெல்லாம் ஒட்டிக்கொண்டு வருகிறதே, வைரஸோ என்று ஒரு நாள் பூராவும் ஸ்கேன் ஓட்டினேன். அன்றிலிருந்து மானிட்டருக்குக் கீழே ஒரு நோட்டு இருக்கிறது. எந்த செட்டிங்கைத் தொட்டாலும் தேதி, முன்பு என்ன, இப்போது என்ன என்று ஒரு வரி. ஒரு நாளைக்கு ஒன்றுதான். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று பிரிக்கவே முடியாது.

சில்லறையாக இன்னும் இரண்டு. பெரிய திரையில் பாயிண்டர் எங்கே என்று தேடுகிறவர்கள், பாயிண்டர் ஆப்ஷன்ஸ் பக்கத்தின் அடியில் இருக்கும் கடைசி டிக்கைப் போட்டுவிட்டு கண்ட்ரோல் கீயைத் தட்டிப் பாருங்கள், அது இருக்கும் இடத்தைச் சுற்றி வட்டம் போட்டுக் காட்டும். மவுஸே செத்துப்போன ராத்திரிக்கு இடது ஆல்ட், இடது ஷிப்ட், நம்லாக் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், கீபோர்டின் வலப்பக்கக் கட்டத்தில் இருக்கும் நம்பர் கீக்களாலேயே பாயிண்டரை நகர்த்தலாம், ஐந்தை அழுத்தினால் கிளிக். ஆமை வேகம்தான், ஆனால் ஃபைலை சேவ் செய்துவிட்டு மூட அது போதும்.

கணக்கு பார்த்தேன். கையிலிருந்து போனது பத்தாயிரம் ரூபாய்க்கு மேல், போன ஆல்பங்கள் தனி. இதைத் தவிர, கணக்கில் எழுத முடியாத ஒன்று உண்டு. என் அப்பாவுக்கு எழுபத்தோரு வயது. அவருக்காக டெஸ்க்டாப்பில் ஒரு சின்ன ஃபோல்டரில் பழைய குடும்பப் படங்களைப் போட்டு வைத்திருக்கிறேன். ஃபோல்டரைத் திறக்க அவருக்கு டபுள் கிளிக் வராது. ஒன்று அழுத்தி, மூச்சு விட்டு, இன்னொன்று அழுத்துவார். "எனக்குக் கை வர மாட்டேங்குதுப்பா" என்பார். "பட் பட்டுன்னு தட்டணும்பா, எத்தனை தடவை சொல்றது" என்று நானும் எத்தனையோ நாள் எரிந்து விழுந்திருக்கிறேன். நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு அவருக்கும் ஒரு கணக்கு போட்டு, டபுள் கிளிக் வேகத்தை மெதுவான கோடிக்கு இழுத்து வைத்தேன். அவர் வந்து உட்கார்ந்து, வழக்கம்போல ஒன்று அழுத்தி, கொஞ்சம் நிறுத்தி, இன்னொன்று அழுத்தினார். ஃபோல்டர் திறந்தது. திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, மூடி, மறுபடி ஒரு தடவை திறந்து பார்த்தார்.